உறக்கம், மனநிலை, உழைப்பு நேரம்: பிற்ஸ்பேர்க் தரும் வரலாற்றுப் பாடம்

உறக்கம் தனிமனிதனது அந்தரங்கச் செயலென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. உறக்கமின்மையும் அதனோடு பிணைந்த மனநிலைக் கோளாறுகளும் உடலின் குறைபாடாகவோ உள்ளத்தின் பலவீனமாகவோ விளக்கப்படுவது இக்கருத்தின் வழிப்பட்டதே. உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் நிர்ணயிப்பதில் சமூக உற்பத்தி ஒழுங்குக்குரிய பங்கு இப்பார்வையில் மறைந்துபோகின்றது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் உளவியலாளர் எலன் பிராங்க் மேற்கொண்ட பணியை நாம் இங்கு நோக்குவதற்குக் காரணம், மருத்துவத்தின் உள்ளிருந்தே அம்மறைப்பினை அது ஓரளவு விலக்கியமையாகும். அப்பணி எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதும் நமது கவனத்துக்குரியது.

உறக்கத்தை அரசியற் பொருளாதாரத்தின் பொருளாகக் கண்டவர்களுள் மார்க்ஸ் முதன்மையானவர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, உடல் தேறுவதற்கு வேண்டிய உறக்க நேரத்தை மூலதனம் எவ்வாறு அபகரிக்கின்றது என்பதை அரசாங்க அறிக்கைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் கொண்டே அவர் நிறுவினார். 1863 யூன் மாதத்தில் இலண்டனில் இறந்த மேரி ஆன் வோக்லி என்னும் 20 வயதுத் தையற் தொழிலாளியின் கதை அவற்றுள் ஒன்று. இளவரசியைக் கௌரவிக்கும் நடன விழாவுக்குச் சீமாட்டிகளின் ஆடைகளை முடித்துக் கொடுப்பதற்காக அவர் வேறு 60 பெண்களுடன் 26½ மணிநேரம் இடைவிடாது உழைத்தார். வெள்ளிக்கிழமை நோயுற்றார், ஞாயிற்றுக்கிழமை இறந்தார்.

பிற்ஸ்பேர்க் வட்டாரத்து உருக்காலைகள் இவ்வபகரிப்பினைப் பேரளவில் நடத்தின. 1892 இல் ஹோம்ஸ்ரெட் ஆலையில் தொழிற்சங்கம் முறியடிக்கப்பட்டதன் பின்னர் நீண்ட வேலைநாளை எதிர்க்கும் வலு தொழிலாளரிடம் எஞ்சவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுட் பலர் நாளொன்றுக்கு 12 மணிநேரம், வாரத்தின் ஏழு நாளும் உழைத்தனர். பகல் வேலையிலிருந்து இரவு வேலைக்கு மாறும் தருணத்தில் தொடர்ந்து 24 மணிநேரம் உலையின் முன் நிற்கவேண்டியிருந்தது. ஜோன் பிச் 1910 இல் வெளியிட்ட உருக்குத் தொழிலாளர் பற்றிய நூல் இந்நிலையை ஆவணப்படுத்தியது. எட்டு மணிநேர வேலையையும் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டு 1919 இல் எழுந்த பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. ஆயினும், 1923 இல் 12 மணிநேர வேலைநாளை உருக்குக் கம்பனிகள் கைவிட நேர்ந்தது. உறங்குவதற்கான நேரம் இவ்வாறு போராடிப் பெறப்பட்டதொன்றாகும்.

இதே நகரின் பல்கலைக்கழகத்திலேதான் எலன் பிராங்க் தமது ஆய்வுகளை நடத்தினார். உயிரினத்தின் நாளாந்தத் தாளத்தைப் புறவுலகோடு பொருத்தும் ஒளி முதலியவற்றை 'நேரந்தருவன' என ஜேர்மன் அறிஞர் யூர்கன் அஷொப் 1954 இல் பெயரிட்டிருந்தார். 1988 இல் சின்டி ஏலர்ஸ், எலன் பிராங்க், டேவிட் குப்பர் ஆகியோர் இக்கருத்தினைச் சமூக வாழ்வுக்கு விரித்தனர். வேலைக்குப் புறப்படும் நேரம், பிறரோடு உண்ணும் நேரம், வீட்டார் உறங்கச் செல்லும் நேரம் ஆகியனவும் நேரந்தருவனவே. வேலையிழப்போ துணையின் மரணமோ நேரும்போது மனிதர் ஊதியத்தையும் உறவையும் இழப்பதோடு, அவற்றுடன் இணைந்திருந்த நாளொழுங்கினையும் இழக்கின்றனர். அதன் விளைவாக உடற்றாளம் குலைகின்றது, உறக்கம் சிதைகின்றது, நோய்க்கு ஏதுவான இயல்புடையோரில் மனச்சோர்வு தோன்றுகின்றது. இதுவே அவர்களது கருதுகோள்.

இதிலிருந்து பிறந்த சிகிச்சைமுறை எளிமையானது. நோயாளி எழுந்த நேரம், முதன்முதலில் இன்னொருவரைச் சந்தித்த நேரம், வேலை தொடங்கிய நேரம், உண்ட நேரம், படுத்த நேரம் என 17 செயல்களை நாள்தோறும் குறித்துவருவார். அச்செயலின்போது பிறர் உடனிருந்தனரா என்பதும் குறிக்கப்படும். அக்குறிப்பேட்டைக் கொண்டு, ஒழுங்கற்ற நேரங்களைச் சிறிது சிறிதாக நிலைப்படுத்துவதற்குச் சிகிச்சையாளர் துணைபுரிவார். உறவுச் சிக்கல்களை ஆராயும் ஆளிடை உளச்சிகிச்சையும் இதனுடன் இணைக்கப்பட்டது. இருதுருவ மனநிலைக் கோளாறில் ஓரிரவு உறக்கமிழப்பே பித்தெழுச்சியைத் தூண்டக்கூடுமாதலால், இவ்வொழுங்கு அந்நோயாளருக்குக் குறிப்பாகப் பயன்பட்டது. 175 நோயாளரைக் கொண்டு நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கடுமையாயிருந்த கட்டத்தில் இச்சிகிச்சையைப் பெற்றோர் புதிய நோய்த்தாக்கம் இன்றி நீண்டகாலம் இருந்தமை காணப்பட்டது. முதல் நிலைபேற்றை அவர்கள் விரைந்து எய்தினர் என்று கூறுவதற்கில்லை. மருந்தும் உடன் வழங்கப்பட்டது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இப்பணியின் முற்போக்கான அம்சம் வெளிப்படையானது. மனிதனின் அகவாழ்வு அவனது சமூக வாழ்வினால் உருவாகின்றது என்ற உண்மைக்கு இது மருத்துவச் சான்று தருகின்றது. எனினும் முரண்பாடொன்றும் இங்குண்டு. இக்கருதுகோள் வெளியான காலத்தில் பிற்ஸ்பேர்க் வட்டாரத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. ஹோம்ஸ்ரெட் ஆலை 1986 இல் மூடப்பட்டது. முன்னொரு காலத்தில் உறக்கத்தைப் பறித்த அதே ஆலைதான், தொழிற்சங்கத்தின் போராட்டங்களுக்குப் பின்னர், பல்லாயிரம் குடும்பங்களின் எழுதலையும் உண்ணலையும் உறங்கலையும் ஒழுங்குபடுத்தி நின்றது. ஆலை மூடப்பட்டபோது அவ்வொழுங்கும் ஒருங்கே குலைந்தது. 1988 ஆம் ஆண்டின் கட்டுரை ஆலைமூடலை ஆராய்வதன்று. இத்தொடர்பினைக் காண்பது வரலாற்று நோக்குடைய நமது கடமையாகும்.

குறிப்பேடு ஒருவரது குலைந்த நாளை அவரைக் கொண்டே சீர்செய்ய முயல்கின்றது. நோயுற்றிருக்கும் ஒருவருக்கு இது உண்மையான உதவி. இதனைச் சீர்திருத்தவாதமென ஒதுக்குதல் மனிதாபிமானமாகாது. ஆயின் முறைமாற்று வேலையில் வாரந்தோறும் நேரம் மாற்றப்படும் தொழிலாளிக்கும், வேலையே அற்றவருக்கும் விழிக்கும் நேரத்தை நிலைப்படுத்தும் அதிகாரம் எவ்வளவு உண்டு? நேரந்தருவது சமூகமெனின், அந்நேரத்தை யார் தமது உடைமையாக்கியுள்ளனர் என்ற வினாவும் எழவேண்டும். 1919 இல் வேலைநிறுத்தம் செய்தோர் அவ்வினாவை எழுப்பினர். மருத்துவ மனையின் குறிப்பேட்டில் அதற்கென ஒரு நிரல் இல்லை. அந்நிரலைச் சேர்ப்பது உளவியலாளரால் மட்டும் இயலுவதன்று. உழைக்கும் மக்களின் கூட்டுச் செயற்பாட்டுக்குரிய பணியாகும்.