தலைநகரில் பிறந்த தமிழ் ஏடு

உத்தியோக நிமித்தம் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர், சென்ற இடமெல்லாம் கோயில் எழுப்பினர், சங்கம் நிறுவினர், பள்ளியும் கண்டனர். ஆனால் தரமானதோர் இலக்கியப் பத்திரிகையைத் தோற்றுவித்தவர் மிகச் சிலரே. அச்சிலருடைய முயற்சிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது 'கணையாழி' என்னும் திங்களிதழ். அதன் வரலாறு நம் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அனைவரும் அறியத்தக்கது.

1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மொழிப் பிரச்சினையால் தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், இந்தி வழங்கும் தில்லி மாநகரில், பத்திரிகையாளர் கி. கஸ்தூரிரங்கன் அவர்கள் கணையாழியைத் தொடங்கினார். மொழிக்குச் செய்யத்தக்க தொண்டுகளுள் ஆரவாரமின்றி மாதந்தோறும் செய்யும் தொண்டும் ஒன்று என்பதற்கு அவ்விதழே சான்று.

அதில் எழுதியவர் யாவர்? அவர்களுட் பலர் நம்மைப் போலக் காலையில் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பியவர்களே. இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், தி. ஜானகிராமன் வானொலி அலுவலர்; கடைசிப் பக்கத்தைத் தமக்கென ஆக்கிக்கொண்ட சுஜாதா, ரங்கராஜன் என்னும் பெயருடைய பொறியாளர். சிறுகதையில் தனித்தடம் பதித்த ஆதவன் சில காலம் ரெயில்வேயில் பணியாற்றியவர். பார்சல் ரசீதும் கோப்புமாகக் காலங்கழிக்கும் எம்மனோர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

எழுதுவோர் மட்டும் இருந்தால் பத்திரிகை நடந்துவிடாது. தொடக்க ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மேல், சென்னையில் இருந்தவாறு ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர் அசோகமித்திரன். அவர் 1931-இல் செகந்திராபாத்தில், ரெயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நம் பிள்ளைகளைப் போலவே வேற்று மொழிகளின் நடுவே வளர்ந்தவர்.

அக்காலத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தே பக்கம் அமைப்பர். வந்து குவியும் கையெழுத்துப் படிகளைப் படித்தல், ஏற்றதையும் ஏலாததையும் பிரித்தல், அச்சுப்பிழை திருத்தல், உரிய நாளில் தபாலில் சேர்த்தல் என வேலைகள் பல. கதை எழுதியவர் பெயர் அட்டையில் ஒளிரும்; ஓர் எழுத்துப் பிழையை இரவில் கண்டு திருத்தியவரின் உழைப்பு எங்கும் தெரியாது. தாமே பெரிய எழுத்தாளராக விளங்கிய ஒருவர், பிறர் எழுத்துக்காக இத்துணை ஆண்டுகள் உழைத்தார் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

அவ்வுழைப்பு வீண்போகவில்லை. பெயர் அறியாத இளைஞர் பலருக்கு அவ்விதழ் வாயிலாக நின்றது. 1982-இல் ஜானகிராமன் மறைந்த பின், அவர் நினைவாகக் குறுநாவல் போட்டியையும் அது நடத்தியது. மறைந்த எழுத்தாளருக்குச் சிலை வைப்பதினும் புதிய எழுத்தாளரைத் தேடுவது சிறந்த அஞ்சலி அன்றோ?

இவ்வரலாற்றை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் மலர் தயாரிக்கும்போது விளம்பரங்களும் வாழ்த்துரைகளும் எளிதில் வந்து சேருகின்றன. நம் குடியிருப்பார் தம் கையால் எழுதிய பக்கங்களே அரிதாகின்றன. நம் இல்லங்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் உண்டு. படிப்போர் அவரினும் குறைவு. எழுதுவோர் இன்னும் குறைவு. ஒரு தகரப் பெட்டியும் நியமனக் கடிதமுமாக இவ்வூர் நிலையத்தில் வந்திறங்கிய மூத்தோரும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் அறிந்தவற்றை இப்போது எழுதி வையாவிடின், நாம் இங்கு வாழ்ந்த கதையைப் பின்னர் எழுதுவார் யாவர்?

ஆதலின், அடுத்த மலருக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பக்கமேனும் வருதல் வேண்டும். பெரியவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பிழையிருப்பின் திருத்திக்கொள்ள மலர்க்குழு இருக்கிறது.

பிரிந்திருந்த சீதைக்கு இராமனின் அடையாளமாக அனுமன் கையில் கடல் கடந்து சென்றது கணையாழி. தாயகத்தைப் பிரிந்து வாழும் நமக்கும் அத்தகைய அடையாளம் ஒன்று வேண்டும். அதை நம் பிள்ளைகள் கையில் கொடுத்துச் செல்வது நம் கடமை.