ஈகிரெப்: ஒரு கட்டளை ஓய்வு பெறும் கதை

லினக்ஸ் லேப் ரெக்கார்டு எழுதிய எல்லோருக்கும் ஈகிரெப், எஃப்கிரெப் என்ற இரண்டு கட்டளைகளும் தெரிந்திருக்கும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து நாம் எழுதினோம், அவர் தன் சீனியருடையதைப் பார்த்து எழுதினார் :-) அதே ஈகிரெப்பைப் புதிய கணினியில் தட்டிப் பாருங்கள். பலவற்றில் விடையோடு கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும்: இது வழக்கொழிந்து வரும் பெயர், 'கிரெப் -ஈ' என்று எடுத்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். வேலை நடக்கிறது. முணுமுணுப்போடு நடக்கிறது. அந்த முணுமுணுப்பு வந்து சேர 47 வருடம் ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வந்தது கிரெப். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1973 வாக்கில் எழுதியது. 'எட்' என்ற பழைய எடிட்டரில், கோப்பு முழுவதும் தேடி, ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை அச்சிடு என்பதற்கு ஜி, ஆர்ஈ, பி என்று சுருக்கமாகத் தட்டுவார்கள். அதைச் சேர்த்துப் படித்தால் கிரெப். 1975-இல் அதே கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஆஹோ இரண்டு தம்பிகளைச் சேர்த்தார். 'இது அல்லது அது' போன்ற விரிவான வடிவங்களுக்கு ஈகிரெப். மாறாத சொற்கள் பலவற்றை ஒரே ஓட்டத்தில் தேட எஃப்கிரெப். இரண்டாவதன் பின்னால் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் கண்ட வழிமுறை இருக்கிறது. அல்காரிதம் பாடத்தில் நாம் திட்டிக்கொண்டே படிக்கும் அதே ஆஹோ-கோராசிக்! நூற்பட்டியல்களில் வேகமாகத் தேடுவதற்காகப் பிறந்தது அது.

மூன்றையும் ஒரே நிரலாக வைக்கக் கூடாதா? அன்றைய பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த முகவரி இடம் 64 கிலோபைட். மூன்று வேறு வழிமுறைகளை அதற்குள் திணிப்பதைவிட மூன்று சிறு நிரல்கள் வசதி. நினைவகம் பெருகியதும் அந்தக் காரணம் போய்விட்டது, பெயர்கள் தங்கிவிட்டன. 1992-இல் போசிக்ஸ் தரம் மூன்றையும் கிரெப்புக்குள் கொண்டுவந்தது: ஈகிரெப்புக்குப் பதில் கிரெப் -ஈ, எஃப்கிரெப்புக்குப் பதில் கிரெப் -எஃப். (இங்கே ஈ என்பது பெரிய எழுத்து. சின்ன எழுத்து போட்டால் வேறு பொருள், வைவாவில் கேட்பார்கள்!) 2001-இல் பழைய பெயர்கள் தரத்திலிருந்தே போயின. குனு கிரெப் 2007-இல் அவற்றைக் கைவிடவேண்டியவை என்று அறிவித்தது. 2022 செப்டம்பரில் வந்த 3.8 பதிப்பில்தான் எச்சரிக்கை ஏறியது.

இவ்வளவு தாமதம் வெறும் சோம்பல் இல்லை. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10-இல் வழக்கமான இடத்தில் இருந்த கிரெப்புக்கு -ஈ என்றால் என்னவென்றே தெரியாது. தரத்துக்கு இணங்கிய கிரெப் வேறொரு அடைவில் இருந்தது. எல்லாக் கணினியிலும் ஓடவேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதியவருக்குப் பழைய ஈகிரெப்தான் பாதுகாப்பு. புதிய பெயரைப் பயன்படுத்தியவர்தான் மாட்டிக்கொள்வார்.

பெயர் மாற்றத்தில் எங்கள் மணிமங்கலத்துக்கும் அனுபவம் உண்டு. கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பறக்கிற இந்தப் பக்கத்தில், ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஊருக்கு லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம், ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம், கிராமசிகாமணிச் சதுர்வேதிமங்கலம் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிறப்புப் பெயர்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள், இதுவான அது என்று. யூனிக்ஸில் ஏலியஸ் என்கிறோமே, அதேதான்! அரசர்கள் போனார்கள், சிறப்புப் பெயர்களும் போயின. முதலில் இருந்த சின்னப் பெயர் பஸ் போர்டில் நிற்கிறது. கிரெப்பிலும் மூத்த பெயர்தானே மிஞ்சியது?

ஆனால் ஒரு வேறுபாடு. ஊர்ப்பெயர் மாறினால் மனிதன் விசாரித்துப் போய்ச் சேர்ந்துவிடுவான். கணினி விசாரிக்காது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், சோதனை முடிவுகளைப் பிரித்தெடுக்க யாரோ பத்து வருடம் முன்பு எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். எச்சரிக்கை வருவது பிழைச் செய்திகளுக்கான பாதையில். அந்தப் பாதையில் எது வந்தாலும் தோல்வி என்று கணக்கெடுக்கும்படி அந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தால், நல்ல பாகமும் தோல்விப் பட்டியலில் போகும். காரணம் தேடி உட்காரப்போவது, நம்மில் ஒருவர் அங்கே டிரெய்னியாகச் சேர்ந்த முதல் மாதத்தில்.

2022-இல் இதனால்தான் பலர் கோபப்பட்டார்கள். குனு தரப்பிலும் நியாயம் உண்டு. 15 வருடம் கையேட்டில் எழுதி வைத்தார்கள், எத்தனை பேர் படித்தோம்? ஒரு நிரல் தன்னை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்று பார்த்து நடத்தையை மாற்றக் கூடாது என்பதும் அவர்களுடைய விதி. ஆனால் ஈகிரெப் அதற்கு முன்பே, கிரெப் -ஈ-யை அழைக்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்டாகச் சுருங்கிவிட்டது. அதை அமைதியாக வைத்திருக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. செலவெல்லாம் மறுபக்கம், பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்துகிறவர்கள் தலையில்.

என்னைக் கேட்டால் வரிசைதான் தவறு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது பாடநூல்கள் மாறின. பிள்ளைகள் புது லை, ளை, னை-யிலேயே படிக்கத் தொடங்கினார்கள். பழைய வடிவில் எழுதிய தாத்தா பாட்டிகளின் கையை யாரும் பிடிக்கவில்லை. கிரெப்பில் நடந்தது தலைகீழ். பாடமும் ரெக்கார்டும் அப்படியே இருக்க, எச்சரிக்கை நேராகத் திரையில் வந்தது.

இந்த செமஸ்டர் ரெக்கார்டில் நான் கிரெப் -ஈ என்றுதான் எழுதப்போகிறேன், பழைய பெயரை ஓரத்தில் ஒரு வரியாக. உங்களிடமும் பழைய ஸ்கிரிப்டுகள் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈகிரெப் எந்தக் கோப்பில் ஒளிந்திருக்கிறது என்று தேட உங்களுக்கு வேண்டியதும் கிரெப்தான் :-)