‘யூனியன்’ என்னும் சொல்லும் அரசியல் நிர்ணய சபை கருதிய அதிகாரச் சமநிலையும்

இந்திய அரசியலமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ‘யூனியன்’ எனக் குறிப்பிடுகிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்ட ‘பெடரேஷன்’ என்னும் சொல் அங்கு இல்லை. (சமஸ்தானங்கள் இணையாமையால் அச்சட்டம் கருதிய கூட்டாட்சி நடைமுறைக்கே வரவில்லை என்பது வேறு செய்தி.) இச்சொல் மாற்றத்தையே மாநிலங்களின் அதிகாரக் குறைவுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். சொல்லின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1946 மே 16இல் வெளியான அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டமும் ‘யூனியன்’ என்றே பேசிற்று. ஆனால் அந்த யூனியனுக்கு உரியவை வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளே. எஞ்சிய அதிகாரங்கள் மாகாணங்களுக்கு உரியவை. அவ்வாண்டு டிசம்பர் 13இல் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்திலும் அச்சொல்லே உண்டு; எஞ்சிய அதிகாரங்களோடு கூடிய தன்னாட்சி அலகுகளும் உண்டு. முஸ்லிம் லீகின் உடன்பாட்டை நாடியே இவ்வரம்பு பேணப்பட்டது. 1947 ஜூன் 3இல் பிரிவினை அறிவிக்கப்பட்டதும் அதற்கான தேவை அற்றுப்போயிற்று. நேரு தலைமையிலான யூனியன் அதிகாரங்கள் குழு ஜூலை 5ஆம் நாளிட்ட தன் இரண்டாம் அறிக்கையில் வலிமை வாய்ந்த மத்திய அரசை வேண்டியது; எஞ்சிய அதிகாரங்களையும் அதனிடமே சேர்த்தது. ஓராண்டுக்கு மேல் சிறிதே கடந்த காலத்தில் பொருள் தலைகீழாயிற்று, சொல் மாறவில்லை.

1948 நவம்பர் 4இல் வரைவை முன்வைத்த அம்பேத்கர் தந்த விளக்கம் அதிகார அளவைப் பற்றியதன்று. இக்கூட்டாட்சி அலகுகளின் ஒப்பந்தத்தால் விளைந்ததன்று. ஆதலின் எவ்வலகும் பிரிந்து செல்லவியலாது என்பதே அவர் கருத்து. மாநிலங்கள் நகராட்சிகளாகக் குறுக்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டை 1949 நவம்பர் 25இல் அவர் மறுத்தார்; அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பது அரசியலமைப்பேயன்றி மத்திய அரசின் சட்டம் அன்று என்றார். எனினும் மூன்றாம் உறுப்பின்படி, மாநில எல்லையை மாற்ற அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டியதில்லை. அம்மறுப்பின் வலு இங்குக் குன்றுவதை மறைப்பதற்கில்லை.

தமிழில் ‘மத்திய அரசு’, ‘நடுவண் அரசு’ என்பன நடுவையும் விளிம்பையும் கற்பிக்கும் இடப்பொருட் சொற்கள். ‘ஒன்றியம்’ ‘ஒன்றுதல்’ என்னும் வினையிற் பிறந்தது. மூலத்திற்கு மிக நெருங்கியது. ஊராட்சி ஒன்றியத்தால் மக்களுக்குப் பழகியதுங்கூட. 2021இல் தமிழ்நாடு அரசு ‘ஒன்றிய அரசு’ என்னும் வழக்கை முன்னிறுத்தியபோது, ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மாநிலங்கள் தாமே கூடி ஒன்றின என்னும் பொருளை அதில் கண்டனர். அம்பேத்கர் விலக்கியதோ அப்பொருளையே. மொழிபெயர்ப்பாளர் ‘ஒன்றியம்’ என்பதைத் தயக்கமின்றி ஆளலாம். அதிகார அளவை அதன்மேல் ஏற்றுதல் ஆகாது. அவ்வளவு ஏழாம் அட்டவணையில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியபோது, முதல் உறுப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை.