உறைபனியை நிறுத்த வரலாறு

பேராக் மாநிலத்து ஆயர் தாவார் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் நன்னீர் என்பது பொருள். ஆண்டு முழுதும் மழை காணும் அவ்வூர்த் தமிழ் மாணவர்க்கு உறைபனி பாடநூற் படத்தில் காணும் பொருளேயாம். முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நம் முன்னோரும் பனி என்ற சொல்லால் பெரும்பாலும் பனித்துளியையும் குளிரையுமே குறித்தனர். ஆயினும், தமிழர் கடல் கடந்த வரலாறும் இமயத்துப் பனியை ஆராய்ந்த வரலாறும் ஒரு பஞ்சத்தில் வந்து சந்திக்கின்றன.

1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அக்கொடுமையை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றனர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தமிழ்க் குடியானவர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெயர்ந்த காரணங்களுள் அப்பஞ்சமும் அதன்பின் நிலைத்த வறுமையும் அடங்கும்.

மழை பொய்ப்பதை முன்னரே அறியலாகாதா என்னும் வினா அப்போது எழுந்தது. 1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட் விடை தேடி இமயத்தை நோக்கினார். அங்குப் பனி மிகுந்தும் காலந்தாழ்ந்தும் பெய்யும் ஆண்டுகளில் வடமேற்குச் சமவெளியில் மழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். 1886இல் முறையான பருவமழை முன்னறிவிப்புத் தொடங்கியது. பனி ஒன்றே மழையை முடிவு செய்வதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் தொலைநாடுகளின் காற்றழுத்தத்தையும் கணக்கிற் சேர்த்தார்.

பனியின் ஆழத்தை மட்டும் அறிவதால் அதிலுள்ள நீர் விளங்காது. புதுப்பனி பத்து அங்குலம் உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீரே கிடைக்கும். இறுகிய பழம்பனியில் மூன்று நான்கு அங்குலம் கிடைக்கும். ஆகவே பனியை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு எளிய வழி கண்டவர் பொறியாளர் அல்லர், மொழி ஆசிரியர்! அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்பார், 1895ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரோஸ் மலை மீது ஏறினார். அதுமுதல் பனியே அவர் பாடமாயிற்று. நுனியிற் பற்கள் அமைந்த நீண்ட குழாயைப் பனியில் இறக்கி, உள்ளே நிற்கும் பனியோடு அதைத் தராசில் தூக்குவார். வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் நீரின் அளவு புலப்படும். 1940களில், முதிய பருவத்தில், அவர் இமயத்துக்கே வந்து பனி அளக்கும் பணிக்கு வழிகாட்டினார்.

பனியை அறிவது உயிர் காக்கவும் வேண்டும். பனி அடுக்கடுக்காகப் படிகிறது. இடையில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருப்பின், மேலடுக்கு முழுதும் பாளமாய்ச் சறுக்கி விழும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இந்த ஆபத்து மிகுதி. அதனால் பயில்வோர் குழி தோண்டி அடுக்குகளைச் சோதிப்பர். சரிவை ஒவ்வொருவராகக் கடப்பர். குறியொலிக் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றையும் உடன் கொள்வர். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பின்னர் அது விரைந்து குன்றும். இவற்றை ஆராய 1969இல் மணாலியில் ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது.

இப்பாடம் தமிழர்க்கு அயலானதன்று. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில், 19,000 அடிக்கு மேலான காவல் நிலையில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பிரிவினர் தங்கியிருந்த இடத்தின்மீது பனி சரிந்தது. புதையுண்ட பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட கருநாடகத்து வீரர் அனுமந்தப்பாவும் 11ஆம் நாள் மறைந்தார்.

பள்ளி முற்றத்து மழைமானியை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், சர்ச்சின் குழாயையும் உடன் சொல்லலாம். மழையளவைப் படிக்கும் அப்பிள்ளைகளின் முன்னோர் சிலரைக் கப்பலேற்றியது மழையின்மையே.