எண்ணூர் எண்ணெய்க் கசிவுகள்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திலும் அதையடுத்த கடற்கரையிலும் 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் எண்ணெய் பரவியதால் நீர்வாழ் ஜீவராசிகளுக்கும் பட்சிகளுக்கும் நேர்ந்த சேதம் இத்தலைப்பில் கூறப்படுகிறது.

எண்ணூர் எண்ணெய் எடுக்கும் இடமன்று. சுத்திகரிக்கும் ஆலைக்கு அண்டை ஊர், கப்பல் வந்து நிற்கும் துறை. 1965-இல் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டாக ஸ்தாபித்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969-இல் மணலியில் இயங்கத் தொடங்கிற்று, சி.பி.சி.எல். என்பது அதன் பிற்காலப் பெயர். 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் திறக்கப்பட்டது. கிணறு தோண்டுமிடத்தில் விளையும் கேட்டுக்கு அஸ்ஸாமைத்தான் பார்க்கவேண்டும்: 2020 மே 27-இல் பாக்ஜானிலுள்ள ஆயில் இந்தியா கிணறு வெடித்து, வாயுவும் எண்ணெயும் பீறிட்டு மாகுரி-மொட்டாபுங் ஏரியில் படிந்தன, ஜூன் 9-இல் பற்றிய தீ அணைய நவம்பர் ஆயிற்று. ஆற்று ஓங்கில் ஒன்றின் உடல் அங்கே மிதந்தது.

எண்ணூரின் முதற் பெரும் விபத்து, 2017 ஜனவரி 28 விடியுமுன், பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்னும் எண்ணெய்க் கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டதால் நேர்ந்தது. சேதமில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கடலோ வேறுவிதமாகச் சாட்சி சொல்லிற்று. எர்ணாவூர்க் கரையில் கூழாகத் திரண்ட கறுப்பு எண்ணெயை உறிஞ்ச இயந்திரங்கள் திணறியபோது, மீனவரும் மாணவரும் கடலோரக் காவற்படையினரும் வாளியால் மொண்டு கைமாற்றிக் கரை சேர்த்தனர். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது. செத்த ஆமைகள் ஒதுங்கின. இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகும் ஆமைகள் இக்கரையில் ஆண்டுதோறும் ஒதுங்குவதுண்டாகையால், அவ்வளவு சாவையும் எண்ணெயின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. ஆயினும், மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய பிராணிக்கு, அந்த நீர்மட்டத்திலேயே படலம் விரித்துக் கிடக்கும் எண்ணெயை விடப் பொல்லாத பொறி வேறில்லை.

இரண்டாவது சம்பவம் கடலிலிருந்து வரவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையின்போது மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி முகத்துவாரத்தை அடைந்தது. சி.பி.சி.எல். வளாகத்திலிருந்தே அது வந்ததென மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. தன் குழாய்களில் கசிவில்லை என்றது நிறுவனம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மீனும் நண்டும் செத்தன. வெண்சாம்பல் இறகுடைய கூழைக்கடாக்கள் மார்பும் வயிறும் கறுத்துக் காணப்பட்டன. வனத்துறையினர் பிடித்துக் கழுவ முயன்றால், பறக்க இன்னும் தெம்புள்ள பறவை கைக்கு எட்டாமல் எழுந்து போய்விடும்.

நீரை உள்ளே விடாமல் தடுப்பது இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நேர்த்தியே. எண்ணெய் பட்டதும் அக்கோப்புக் குலைகிறது. நீர் தோலைத் தொடுகிறது. நம்மூர் டிசம்பரிலும் பறவை நடுங்குகிறது. அழுக்கைப் போக்க அது அலகால் கோதுகையில், தன்னைச் சுத்தம் செய்யும் அந்த நற்பழக்கத்தாலேயே நஞ்சை விழுங்குகிறது.

இவ்விரு கசிவுகளில், கப்பல் விபத்தைவிடக் கழிமுகத்துக்குப் பின்னது கொடியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. திறந்த கடலில் அலை எண்ணெயைச் சிதறடிக்கும், வெயில் ஓரளவு ஆவியாக்கும், நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கழிமுகத்துச் சேற்றிலோ, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு அற்றுப்போவதால், அங்கே புதைந்த எண்ணெய் எளிதில் சிதைவதில்லை. அலாஸ்காவில் 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெய், 2001-இல் கரையைத் தோண்டிப் பார்த்தபோதும் கூழாங்கற்களுக்கடியில் ஈரமாகவே கிடந்தது.

எண்ணூரில் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே விரல்விரலாக நீட்டியிருக்கும் சுவாச வேர்களில் எண்ணெய் அப்பியது. நுண்துளை அடைபட்டால் வேர் மூச்சுவிட முடியாது. வாளி கொண்டு மொள்ளவும் அங்கே வழியில்லை, ஒவ்வொரு வேராகத் துடைக்கவேண்டும். அவ்வேர்களின் சந்தில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. இடுப்பளவு நீரில் இறங்கி, வலையின்றி, இருளர் பழங்குடியினர் கையால் தடவி இறால் பிடிப்பதும் அதே சேற்றில்தான்.