தாமதமாக வெளிப்படும் பிழை: இதய அறுவை அரங்கும் தலைமை ஆசிரியர் கூட்டமும்

இதய அறுவையின்போது நோயாளியின் உடல்வெப்பத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு கருவி உண்டு. அதன் தொட்டித் தண்ணீர் குழாய்களில் சுற்றிவருமே தவிர இரத்தத்தைத் தொடாது. அதனால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. 2013-இல் சூரிச் மருத்துவர்கள், அறுவைக்குப் பின் மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற கிருமியால் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி எழுதினார்கள். தொட்டியில் வளர்ந்த கிருமி, கருவியின் விசிறிக் காற்றில் நுண்துளிகளாகக் கலந்து, திறந்த மார்புக்குள் இறங்கியது பின்னர் தெளிவாயிற்று. மெல்ல வளரும் கிருமி அது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேலாகும், சிலருக்கு ஐந்தாண்டுகூட. அதற்குள் நோயாளி வேறொரு மருத்துவரிடம் காய்ச்சலுக்கும் எடைக் குறைவுக்கும் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார். பல நாடுகளில் கிடைத்த கிருமிகளின் மரபணுக்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வுதான், பெரும்பாலான தொற்றுக்குக் கருவி தயாரான இடமே மூலமாக இருக்கக்கூடும் என்று காட்டியது. தனியொரு மருத்துவமனையின் பதிவேட்டில் இது தெரிந்திருக்க வழியில்லை.

தொடக்கப் பள்ளியில் நேரும் பிழையும் இவ்வகைப்பட்டதே என்பது என் வாதம். தேனி மாவட்டத்தில் போடிக்கும் தேவாரத்துக்கும் இடையிலுள்ள சிலமலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கு உண்டு. காய் எடுக்கும் பருவத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்காமலேயே எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட முடியும். ஒன்பதாம் வகுப்பில், வேறொரு பள்ளியில், இடைநிற்றல் பட்டியலில் அதன் பெயர் ஏறும். விளக்கம் கேட்கப்படுபவர் அந்த உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கோ செய்தியே எட்டாது. ஒருவர் தொடக்கக் கல்வி இயக்ககத்தின்கீழ், மற்றவர் பள்ளிக் கல்வி இயக்ககத்தின்கீழ். கூட்டமும் அவரவர்க்குத் தனி.

அந்தக் கூட்டங்களிலும் பேசப்படுவது பெரும்பாலும் சுற்றறிக்கையும் எமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தின் பதிவேற்றமும்தான். "இன்னும் எந்த ஸ்கூல் என்ட்ரி போடலை?" என்ற கேள்விக்கு அப்பால் பேச்சு நகர்வது அரிது. உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரு தொகுதியாக இணைக்கும்படி 1964–66 கோத்தாரி குழு பரிந்துரைத்தது. இரு நிலையையும் ஒன்றுசேர்க்கும் வழி புதிதல்ல.

பிழையைச் சேர்ந்து ஆராய்வதற்கு இதய அறுவைத் துறையிலேயே முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் இதய அறுவை மருத்துவர்கள் 1987-இல் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தத்தம் மரணக் கணக்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவரின் அறுவை அரங்குக்கு மற்றவர் போய்ப் பார்த்தார். மருத்துவமனை மரணம் 24 சதவீதம் குறைந்ததாக 1996-இல் அறிவித்தார்கள். இதை அப்படியே ஏற்க முடியாது: அப்படியொரு முயற்சி இல்லாத மாசசூசெட்ஸிலும் மரணம் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது என்று மறு ஆண்டே ஓர் ஆய்வு காட்டியது. எனினும் சதவீதத்தைவிட முக்கியமானது, தன் தோல்வியைச் சக மருத்துவர்முன் வைக்க ஒருவர் துணிந்தது. தண்டனைக்கு ஆளாகும் அச்சம் இருந்திருந்தால் அந்தக் கணக்கு வெளியே வந்திருக்காது.

நம் தலைமை ஆசிரியருக்கு அந்த அச்சம் இருக்கிறது. "என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று கூட்டத்தில் சொன்னால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) நோட்டீஸ் வருமோ என்று அவர் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே கல்வித் துறை இரண்டைச் செய்ய வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையேனும் இரு நிலைத் தலைமை ஆசிரியர்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஒன்பதில் நின்ற ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் பதிவையும் ஒன்றாம் வகுப்புவரை பின்னோக்கிப் பார்க்க வைப்பது ஒன்று. அங்கே சொல்லப்படும் எதுவும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமாகாது என்று எழுத்தில் ஆணையிடுவது மற்றொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதைத் தொடங்கவே வேண்டாம்.