முறுக்கேறிய ஒளி

ஒளி நேராகச் செல்லும் என்றுதான் பள்ளியிலே படித்தோம். அந்த ஒளியைத் திருகாணியின் புரிபோல் முறுக்கலாம், அதன் மீது செய்திகளை ஏற்றி அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னால் ஐயுறுவோம். ஐயுறுவது குற்றமன்று, தோழர்களே! ஐயத்தோடு நின்றுவிடுவதுதான் குற்றம். முறுக்கொளியின் வரலாறு அதைத்தான் சொல்கிறது.

வட்ட முனைவு பெற்ற ஒளி, தான் பாயும் பொருளைச் சுழற்ற வல்லது என்று 1909ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பாய்ண்டிங் கணக்கிட்டுக் கூறினார். ஆனால், அந்த விசை மிக மிக நுண்ணியது. அதை அளக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. 1936இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு பெத், மெல்லிய குவார்ட்சு இழையிலே ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, அதில் ஒளியைப் பாய்ச்சினார். தகடு திரும்பிற்று! பாய்ண்டிங்கின் ஐயம் தோற்றது. அவர் போட்ட கணக்கோ வென்றது.

1992இல் நெதர்லாந்தின் லைடன் நகரிலே ஆலனும் அவர்தம் துணைவரும் மற்றொரு சுழற்சியை எடுத்துக் காட்டினர். அலைமுகமே புரிபுரியாகச் சுற்றிச் செல்லும் கற்றை அது. நடுவே இருள், சுற்றிலும் ஒளி வளையம். புரி ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்களாக வளரும். நிறம் ஒன்றே, பாதையும் ஒன்றே. எனினும் புரி வேறாயின் செய்தி வேறு. சேர்த்தனுப்பிய பின்னும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம்.

2012இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்னர் குழுவினர், இவ்வழியே நொடிக்கு 2.56 டெராபிட் செய்தியை அனுப்பினர். 2013இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராமச்சந்திரன் குழுவினர், தனியாக வடிவமைத்த 1.1 கிலோமீட்டர் கண்ணாடி இழையிலே முறுக்கொளியைச் செலுத்தினர்.

எண்களுக்கு முடிவில்லை, ஆகவே கொள்ளளவுக்கும் எல்லையில்லை என்ற ஆரவாரம் எழுந்தது. அறிவியல் அதையும் விட்டுவைக்கவில்லை. புரி கூடக்கூடக் கற்றை அகன்று விரிகிறது. அதை முழுதும் வாங்கப் பெரிய வில்லை வேண்டும். கொந்தளிக்கும் காற்றோ புரியைக் குலைக்கிறது. ஒரே அளவு வில்லைகளுக்கிடையே, முறுக்கொளியைவிடப் பிறவடிவக் கற்றைகள் மிகுதியாகச் சுமக்கும் என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

ஆனால், முறுக்கொளி பொய்யாகிவிடவில்லை. அதன் அளவு தெரிந்தது. அன்று முடியாது என்ற ஐயத்தை நிறுத்துப் பார்த்த அதே தராசு, எல்லையே இல்லை என்ற ஆரவாரத்தையும் நிறுத்துப் பார்த்தது. சொன்னவர் யார் என்று அது கேட்கவில்லை. நாமும் அந்தத் தராசைக் கைக்கொள்வோம். நமக்குப் பிடித்தமான கருத்தையும் அதில் வைக்கத் தயங்காதிருப்போம்!